லாத்தா போட்ட ‘ர்’

என் மகளின் ஏழாம் வகுப்பு வரலாற்று டீச்சர் மேல் எனக்கு நான்கு வருடம் கோபம் இருந்தது. அந்தம்மா ஒரு தப்பும் செய்யவில்லை. தப்புச் செய்தவளுக்குத்தான் யார் மேலாவது கோபப்பட வேண்டியிருக்கிறது.

அப்போது 1997. குபெர்டினோவில் ஒரு அபார்ட்மென்ட்டின் மாடியில் குடியிருந்தோம். எனக்கு லிவர்மோரில் வேலை. மலையைத் தாண்டித் தினமும் டிரைவ் பண்ணிப் போய்வர வேண்டும். மூன்று மணிக்குப் பள்ளி விட்டால், நான் வந்து சேரும் ஆறரை வரைக்கும் என் மகள் கீழ்வீட்டில்தான் இருப்பாள்.

கீழ்வீட்டு அம்மா தென்கோடியில் ஒரு கடலோர ஊர்க்காரர், முஸ்லிம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். முதல் நாள் நான் ஆன்ட்டி என்று கூப்பிட்டதற்குச் சிரித்துவிட்டார். “ஆன்ட்டியா? அப்படி உன் மக கூப்பிடட்டும். நீ லாத்தான்னு கூப்பிடு. எங்க ஊர்ல அக்காவ அப்படித்தான் சொல்லுவோம்.” அன்றிலிருந்து அவர் எனக்கு லாத்தா. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்தான். என் மகளுக்கு முதன்முதலில் இட்லி பிடிக்க வைத்ததும் அவர்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுப்பார். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். என் மகள் அந்த வகுப்புக்கு ஒழுங்காகப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்பிவிட எனக்குச் சோம்பல்.

அந்த மாதம் அவளுக்குச் சிலுவைப் போர் பற்றிப் பாடம். வகுப்பில் பத்துப் பதினைந்து பாஷைக்காரப் பிள்ளைகள் இருந்தார்கள். டீச்சர் ஆசையாக ஒரு வேலை கொடுத்திருந்தார். இந்தப் போருக்கு உங்கள் வீட்டு மொழியில் என்ன பெயர், சண்டை போட்ட இரண்டு பக்கத்தாரையும் எப்படிச் சொல்வீர்கள், கேட்டு ஒரு சார்ட்டில் எழுதி வாருங்கள். அவ்வளவுதான்.

காலை ஏழு மணி. ஒரு கையில் தோசைக்கரண்டி, இன்னொரு கையில் கார் சாவி. மகள் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றாள்.

“அம்மா, க்ரூசேட்ஸுக்குத் தமிழ்ல என்ன?”

“சிலுவைப் போர்.” பள்ளியில் படித்தது மறக்கவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

“யாரு ஃபைட் பண்ணா?”

“ஒரு பக்கம் கிறிஸ்தவர்.”

“அதர் சைட்?”

“துலுக்கன்.”

என் நாக்கில் சனி. யோசித்துச் சொன்ன சொல் இல்லை. எங்கள் வீட்டில் அது திட்டு என்று யாரும் நினைத்ததே கிடையாது. துலுக்கத் தெரு, துலுக்கச் சாமந்தி என்று சர்வ சாதாரணமாகப் புழங்கிய சொல். முகத்துக்கு நேரே மட்டும் பாய் என்போம். முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது என்று தெரிந்திருக்கிறதென்றால், அது என்ன மாதிரிச் சொல் என்றும் தெரிந்துதானே இருந்திருக்கிறது? மகள் நான் சொன்னதை ஆங்கில எழுத்தில் குறித்துக்கொண்டாள். நான் ஃப்ரீவே ஏறும்போதே எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

சாயங்காலம் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். லாத்தா வழக்கம்போல டீயோடு வந்தார். சாப்பாட்டு மேசையில் சார்ட் விரித்திருந்தது. என் மகளுக்குத் தமிழ் எழுத வராது. ஆகவே நோட்டை ஆன்ட்டியிடம் நீட்டி, இதைத் தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். லாத்தாவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மேலே பெரிதாகச் சிலுவைப் போர். அதற்குக் கீழே ஒரு பக்கம் கிறிஸ்தவர். மறுபக்கம் துலுக்கர்.

நான் சொன்னது ‘ன்’. அவர் எழுதியது ‘ர்’. ஒரு பக்கத்துக்கு மரியாதை கொடுத்து மறுபக்கத்துக்கு நான் கொடுக்காமல் விட்டதை, அவரே தன் கையால் போட்டு எழுதியிருந்தார். டீயைக் குடிக்காமல் மேசையில் வைத்தேன்.

“இந்த வார்த்தைய புள்ளைக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

அங்கேயே சொல்லியிருக்கலாம். நான்தான் லாத்தா, புத்தி கெட்டுப்போய்ச் சொல்லிட்டேன் என்று ஒரே ஒரு வாக்கியம். நானோ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

“ஐயோ, எனக்குத் தெரியாது லாத்தா. எங்கயாவது சினிமால கேட்டிருப்பா.”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். “பட் அம்மா, நீதானே...”

“வாய மூடு. ஆன்ட்டிகிட்ட சாரி சொல்லு.”

பன்னிரண்டு வயதுப் பெண். என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன தப்பு என்றே தெரியாமல் சாரி சொன்னாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பழியைப் பெற்ற பிள்ளை தலையிலேயே கட்டிய புண்ணியவதி நான்.

“புள்ள எதுக்கு சாரி சொல்லணும்? அதுக்கு என்ன தெரியும்?” என்று லாத்தா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு என்னிடம் தந்தார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் நான் உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே, டிராஃபிக், தலைவலி, நாளைக்கு மீட்டிங் என்று ஏதாவது சொல்லி மகளை அழைத்துக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவேன். அடுத்த மாதமே பள்ளியில் சாயங்கால வகுப்பு ஒன்றில் அவளைச் சேர்த்துவிட்டேன். “ஏம்மா, இங்க அவளுக்கு ஏதும் கொறையா?” என்று லாத்தா கேட்டார். இல்லவே இல்லை, அங்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றேன். இன்னொரு பொய். மறுவருடம் அவர் கணவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்து ரிச்சர்ட்சனுக்குப் போய்விட்டார்கள். கிளம்பும் நாளன்று பெட்டிகளைப் பற்றியே பேசிவிட்டு அனுப்பிவைத்தேன்.

2001 செப்டம்பர், நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த மாதம். டிவியில் அந்தப் பழைய சொல், க்ரூசேட், மறுபடி அடிபட்டது. எனக்குச் சுருட்டிய சார்ட் ஞாபகம் வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நம்பரைத் தேடி எடுத்து ரிச்சர்ட்சனுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் லாத்தா சந்தோஷப்பட்டார். முக்காடோடு வெளியே போக வேண்டாம் என்று கணவர் சொல்லிவிட்டாராம், ஒரு வாரமாகக் கடைக்குக்கூடப் போகவில்லையாம். “கழட்டிட்டுப் போகவும் மனசு வரல, போட்டுட்டுப் போகவும் பயமா இருக்கு. வீட்டுலயே இருந்துட்டேன்” என்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. “லாத்தா, அன்னிக்கு அந்த வார்த்தைய சொன்னது நான்தான். புள்ள மேல பழியப் போட்டேன். என்னை மன்னிச்சிடுங்க.”

“எந்த வார்த்தம்மா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியே. அத விடு, புள்ள கார் ஓட்டக் கத்துக்கிட்டாளா?”

போனை வைத்துவிட்டு மகள் அறைக்குப் போனேன். அவளுக்குப் பதினாறு வயது. அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். உன்னைப் பொய்யாக மாட்டிவிட்டேன், நல்லவேளை ஆன்ட்டிக்கு அது ஞாபகமே இல்லை என்றேன்.

அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “ஷி நோஸ், அம்மா. நெக்ஸ்ட் டேவே நான் சொல்லிட்டேன்” என்றாள்.

“ஆன்ட்டி என்ன சொன்னாங்க?”

என்னிடம் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலத் தமிழில் பேசாத பெண், லாத்தாவின் இழுவையிலேயே சொன்னாள்: “‘எனக்குத் தெரியும்னு ஒங்க அம்மாகிட்ட சொல்லிராத. அப்பறம் அவ வெக்கப்பட்டுக்கிட்டு நம்ம வீட்டுக்கு வரவே மாட்டா.’”

அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே நான் போகாமல் இருந்துவிட்டேன்.