மேகம் பார்த்துக் கழுவிய கார்

தொண்ணூறுகளின் நடுவில் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் மேற்பார்வையாளனாக இருந்தேன். அப்போதுதான் கைமாறி வந்த ஒரு கறுப்புக் காரை வாங்கினேன். ஓட்டக் கற்றுக்கொண்டேனே ஒழிய, அதைக் கழுவத் தெரியவில்லை.

முதல்முறை கழுவியது சித்திரை மாத ஞாயிறு காலை பத்து மணிக்கு. தண்ணீர் ஊற்றும் முன்பே சோப்பு நுரை காய்ந்து பானெட் முழுக்க வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டது. பதறிப்போய்க் குடம் குடமாக ஊற்றினேன். அந்தத் தண்ணீர் ஓடிப் பக்கத்து வீட்டு வாசலில் போட்டிருந்த பெரிய வண்ணக் கோலத்தைக் கரைத்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் மகளைப் பெண் பார்க்கத் தாராபுரத்திலிருந்து ஆட்கள் வரும் நாள் அது என்று என் மனைவி பிறகுதான் சொன்னாள். அந்த இடம் அமையவில்லை. அன்றிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் பேசவில்லை. போய் மன்னிப்புக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

உக்கடத்தில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பாயிடம் வண்டியைக் காட்டினேன். கை வைத்தால் சுடும் வண்டியைக் கழுவக் கூடாது, மேகமூட்டமான நாளாகப் பார்க்க வேண்டும் என்றார். அதிலிருந்து வீட்டை விட்டு இறங்கினாலே வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். மேகம் கூடினால் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வீசி, ஈர வண்டியில் புழுதியை அப்பியது. காற்று நின்றால் மழை வருமோ என்று தள்ளிப்போட்டேன், வெயில் வந்துவிடும். ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம் என்றது ரேடியோ. எங்கள் வீதி அதில் சேர்த்தியா என்று யாரைக் கேட்பது?

மறுபடியும் பாயிடம் போனேன். போர்வெல் தண்ணீரின் உப்புதான் திட்டாகப் படிகிறது என்று சொல்லி, "தூறல்ல கழுவிப் பாருங்களேன். மழைத்தண்ணி நல்ல தண்ணிதானுங்களே" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை.

ஆடியில் ஒரு ஞாயிறு, தூறலில் நனைந்துகொண்டே துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் மேல் மட்டும் மழை நின்றது. திரும்பினால் பக்கத்து வீட்டுக்காரர் குடை பிடித்து நிற்கிறார்.

"ஏனுங்க, மழையில நின்னு வண்டி கழுவறீங்களே, ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?"

உப்புத் தண்ணீரைச் சொல்வதா, முதலில் மன்னிப்புக் கேட்பதா என்று புரியாமல் இரண்டையும் குழப்பி உளறினேன். "அன்னைக்குக் கோலத்த நான் வேணும்னு அழிக்கலீங்க" என்று முடித்தேன்.

"என்ன கோலமுங்க?" என்றார்.

அவருக்கு எதுவுமே தெரியாது. அவர் மனைவி சத்தமில்லாமல் வேறு கோலம் போட்டிருக்கிறார். தாராபுரத்துக்காரர்கள் அன்று வரவேயில்லையாம்.

"அப்புறம் ஏனுங்க என்கூடப் பேசறதில்ல?" என்று கேட்டேன்.

"நானுங்களா? நீங்கதானுங்க என்னையக் கண்டா மூஞ்சியத் தூக்கிட்டு மேல பாத்துட்டுப் போனீங்க."

வானிலை பார்த்தேன் என்றா சொல்ல முடியும்? சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் குடையை மடக்கிக் கேட்டில் மாட்டிவிட்டு, இன்னொரு துணியை வாங்கி அந்தப் பக்கத்துக் கதவைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தபடியே, மகளுக்குப் பொள்ளாச்சியில் இடம் அமைந்துவிட்டதாகவும், கல்யாணத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு வர வேண்டும் என்றும் சொன்னார்.