முப்பத்தோராம் பக்கம்

முப்பத்தோராம் பக்கம் வந்ததும் ஐரீன் பவ்லாக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஸ்வெட்டர் நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்கிறாள். பிறகு வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் படிக்கிறாள். பன்னிரண்டு வருஷமாக அதில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. இருந்தாலும் படிக்காமல் யாருக்கும் அனுப்பமாட்டாள்.

சிகாகோவில் ஸ்வாப் விற்கும் வங்கி ஒன்றின் பதினேழாவது மாடியில், ஜன்னல் இல்லாத மூலையில் அவள் மேஜை. ஏறி இறங்கும் வட்டிக்குக் கடன் வாங்கித் தவிப்பவர்களிடம், “ஒரே வட்டியாக மாற்றித் தருகிறோம்” என்று வங்கி விற்கிற ஒப்பந்தம்தான் ஸ்வாப். விற்பதற்கு முன் அதிலுள்ள ஆபத்தையெல்லாம் எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். சொல்லி முடிக்க அறுபத்து மூன்று பக்கம் ஆகிறது. வாடிக்கையாளர் “படித்தேன், புரிந்துகொண்டேன்” என்று கையெழுத்துப் போட வேண்டும். அதை வாங்கிக் கோப்பில் வைப்பது ஐரீனின் வேலை.

வங்கிகள் கவிழ்ந்த வருஷத்தில் அவளுடைய அண்ணன் வீட்டை இழந்தவன். அதனால் இந்தச் சட்டம் வந்தபோது அந்த மாடியிலேயே சந்தோஷப்பட்டவள் அவள் ஒருத்திதான். “இனிமே எவனும் எனக்குச் சொல்லலையேன்னு அழ வேண்டியதில்ல” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பாவம், யாரும் படிப்பதில்லை. எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எத்தனை மணிக்குக் கையெழுத்திட்டார்கள் என்பதைக் கணினி காட்டிக்கொடுத்துவிடும். மொத்தத்தையும் நான்கு நிமிடத்தில் முடிப்பவர்களே அதிகம். சோள வயலில் டிராக்டரை நிறுத்திவிட்டுக் கைபேசியிலேயே கையெழுத்துப் போட்டவர்கூட உண்டு. ஐரீன் விடமாட்டாள். ஈரல் சாசேஜ் வைத்த ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு ஃபோனை எடுப்பாள். “அறுபத்து மூணையும் விடுங்க. முப்பத்தொண்ண மட்டும் படிச்சீங்களா?” என்பாள். வட்டி விழுந்த சமயத்தில் ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் ஆளையே விழுங்குகிற தொகை கட்ட வேண்டிவரும் என்று சொல்வது அந்தப் பக்கம். இப்படிக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லிச் சட்டம் சொல்லவில்லை. மேலாளர் டக் மெரிட் அவளுக்கு ‘டீச்சரம்மா’ என்று பேர் வைத்திருந்தான்.

அப்படித்தான் ஹால்வர் நெஸ்ஸையும் கூப்பிட்டாள். விஸ்கான்சினில் தேவாலயம் ஒன்று நடத்தும் முதியோர் இல்லத்துக்கு அவர் நிர்வாகி. நாற்பது கட்டில். புதுக்கட்டடம் கட்டக் கடன் வாங்கியிருந்தார். அவருக்கும் நான்கு நிமிடம்தான். பனி எவ்வளவு விழுந்தது என்று கொஞ்சநேரம் பேசிவிட்டு, ஐரீன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“படிச்சேம்மா.”

படிக்கவில்லை என்று குரலே சொன்னது. மறுபடி கேட்டாள். அவர் சிரித்தார். “எல்லாம் புரிஞ்சுதும்மா. என்னால உன் வேலைக்கு ஒரு கஷ்டமும் வராது, போதுமா?”

அவளுக்காகச் சொன்ன பொய் அது. அவளும் அதற்குமேல் அவரைச் சங்கடப்படுத்தவில்லை.

மூன்று வருஷத்தில் வட்டி தரைக்கு வந்துவிட்டது. இல்லத்தில் பாதிக் கட்டில் காலி. கட்டடத்தை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, மிஞ்சியதில் சின்ன இடமாகப் பார்த்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நெஸ் கணக்குப் போட்டிருந்தார். ஒப்பந்தத்தை முறித்ததற்கான தொகை அந்த மிச்சத்தைத் தின்றுவிட்டது. யாரும் எங்களுக்கு விளங்கச் சொல்லவில்லை என்று அவருடைய வக்கீல் வந்து நின்றார்.

அன்று டக் அவள் மேஜைக்கு டோனட் வாங்கி வந்தான். இந்த மாடியிலிருந்து ஃபோனில் பேசுவதெல்லாம் பதிவாக வேண்டும் என்பதும் சட்டம்தான். “டீச்சரம்மா, நீ தங்கம். அந்த ஒரு ஃபோன் போதும் நமக்கு” என்றான்.

கூட்ட அறையில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். தன் குரலே இரண்டு தரம் கேட்பதையும், அந்த மனிதர் இரண்டு தரமும் பதில் சொல்வதையும் ஐரீன் உட்கார்ந்து கேட்டாள். அவருடைய வக்கீல் அதற்குமேல் வாதாடாமல் காகிதங்களைப் பையில் போட்டு மூடினார். நெஸ் எழுந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி அவள் பக்கம் வந்தார்.

“நீதானாம்மா அது? எவ்வளவு பிரியமா விசாரிச்சே.”

அதில் குத்தல் கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

இல்லத்துக் கிழவர்கள் ஆளுக்கொரு ஊராகச் சிதறினார்கள். ஐரீனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதையும் கோப்பில் வைத்தாள்.

இப்போதும் முப்பத்தோராம் பக்கத்தில் கண்ணாடியைத் துடைக்கிறாள், படிக்கிறாள், அனுப்புகிறாள். இன்று காலை அயோவாவிலிருந்து ஒரு விதைக்கடைக்காரி. கையெழுத்து மூன்று நிமிடத்தில் வந்துவிட்டது. ஐரீன் ஃபோனை எடுத்தாள். பதிவாகிறது என்று சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணில் பாதியை அழுத்தியவள் நிறுத்திவிட்டாள். பிறகு கண்ணாடியைத் துடைக்கும் அதே ஸ்வெட்டர் நுனியால் ரிசீவரை மேலும் கீழும் துடைத்து, சத்தம் வராமல் வைத்தாள்.