பெரிய சில்லுக்கு முன்னால ஒரு தேசிக்காய்

நான் ஆருக்கெல்லாம் நன்றி சொல்லவேணும் எண்டு யோசிச்சால், முதல்ல வாறது மீசை வச்ச வெள்ளைக்காரர் கொஞ்சப் பேர். அவையள் செத்து நூறு வருசத்துக்கு மேல. ஒருத்தற்ற பேரும் எனக்குத் தெரியாது. எனக்கு முதலே விழுந்து, கை முறிஞ்சு, பல்லுப் போய், எப்பிடி விழவேணும் எண்டதைக் கண்டுபிடிச்சு வச்சிட்டுப் போனவையள். அவையள் இல்லாட்டி இண்டைக்கு நான் இங்க வெளிநாட்டில, டூங்கபி எண்ட ஊரில, ஒரு அறைக்குள்ள கிடந்து ஸ்ட்ரோவால சோறு குடிச்சுக்கொண்டிருப்பன்.

நான் ஒரு டயர் கடையில வேலை. ஒருநாள் ஒரு பொம்பிளை தன்ர யூட்டுக்கு, அதுதான் பின்பக்கம் திறந்த சின்ன லொறிக்கு, டயர் மாத்த வந்தா. வெள்ளைக்காரி, என்னைவிட ஏழெட்டு வயசு கூட இருக்கும், ஆசுபத்திரியில நர்ஸ். யூட்டின்ர பின்பக்கம் ஒரு சைக்கிள் கட்டிக் கிடந்தது. முன் சில்லு என்ர நெஞ்சு உயரம். பின் சில்லு குழந்தைப்பிள்ளையின்ர சைக்கிளில இருந்து கழட்டினது மாதிரி. எனக்கு வாய் சும்மா இருக்குமே.

"பின் சில்லு வளர்ந்து முடிய இன்னும் எவ்வளவு காலம் எடுக்கும்?" எண்டு கேட்டன்.

அவ என்னை மேல இருந்து கீழ பாத்தா. "நீ வளர்ந்து முடிய எடுக்கிற அளவு," எண்டா.

அண்டைக்கே தெரிஞ்சிட்டுது இவ எங்கட ஆள் எண்டு. பேர் வச்சன் நர்ஸ் அக்கா. அக்கா எண்டால் என்னெண்டு விளங்கப்படுத்தினாப் பிறகு, "அப்ப நான் உன்னை ஏசிப் பேசலாம்?" எண்டு கேட்டா. ஓம், அதுக்குத்தான் அக்கா எண்டன்.

அந்தச் சைக்கிளுக்கு பென்னி ஃபார்திங் எண்டு பேர். பென்னி பெரிய காசு, ஃபார்திங் சின்னக் காசு, ரெண்டையும் பக்கத்தில வச்சால் எப்பிடியோ அப்பிடி. அந்தக் காலத்தில சைக்கிளுக்குச் செயின் இல்லை. பெடல் நேரா முன் சில்லின்ர நடுவிலதான். பெடலை ஒருக்காச் சுத்தினால் சில்லும் ஒருக்காத்தான் சுத்தும். அப்ப கெதியாப் போகவேணுமெண்டால் என்ன செய்யிறது, சில்லைப் பெரிசாக்கிறது. பெரிசாக்கிப் பெரிசாக்கி, கால் எட்டுற மட்டும் பெரிசாக்கியிருக்கிறாங்கள். நெட்டையன் கெதியாப் போவான், கட்டையன் பின்னால வருவான். எனக்கு இது நல்லாப் பிடிச்சது. படிச்சவையள் எண்டு சொல்லுறவையும் ஒரு காலத்தில என்னை மாதிரித்தான் யோசிச்சிருக்கினம்.

பிறகு செயின் வந்து, ரெண்டு சில்லும் ஒரே அளவா நாங்கள் ஓடுற சைக்கிள் வந்தபோது அதுக்கு வச்ச பேர் 'பாதுகாப்பான சைக்கிள்'. இதை நர்ஸ் அக்கா சொல்ல நான் கடையில இருந்து சிரிச்சன். ஊரில அந்தப் பாதுகாப்பான சைக்கிளில நாங்கள் நாலு பேர், ஒரு அரிசி மூட்டை, ஒரு கோழி போனனாங்கள். கோழி மட்டும்தான் பயப்பிட்டது.

ஆனால் பெரிய சில்லு பகிடி இல்லை. சீட் கிட்டத்தட்ட சில்லின்ர நடுவுக்கு நேர மேல. ஒரு கல்லு, ஒரு குழி, ஒரு நாய், இல்லாட்டி பிரேக்கைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சால் காணும். சில்லு நிக்கும், ஆள் நிக்கமாட்டான். முன்பக்கமாச் சுத்திப் போவான். கால் ரெண்டும் ஹாண்டிலுக்குக் கீழ மாட்டிக்கிடக்கும், அதால தலைதான் முதல்ல நிலத்துக்குப் போகும். நர்ஸ் அக்கா இதைச் சாப்பாட்டுக்கடையில மெனு வாசிக்கிற மாதிரிச் சொல்லுவா. "முதல்ல ரெண்டு மணிக்கட்டு. பிறகு மூக்கு. பிறகு முன்பல்லு. கழுத்து கடைசியா."

மீசைக்காரர் கண்டுபிடிச்சது இதுக்குத்தான். இறக்கத்தில போகேக்க பெடலை விட்டிட்டு, ரெண்டு காலையும் தூக்கி ஹாண்டிலுக்கு மேலால முன்னுக்குப் போட்டிடுறது. பாத்தால் கள்ளுக் குடிச்சவன் கதிரையில சாய்ஞ்சிருக்கிற மாதிரி இருக்கும். ஆனால் சில்லு தூக்கி எறிஞ்சால் கால் முதல்ல வரும். விழுந்து, ஓடி, தப்பலாம்.

நர்ஸ் அக்காவின்ர ஆக்கள் ஞாயிற்றுக்கிழமையில கூட்டமா இந்தச் சைக்கிளில ரோட்டால போவினம். புதுசா வாறவைக்குப் பழக்கிறது அவ, எனக்கும் அவதான் பழக்கினது. சேரவேணுமெண்டால் ஒரு சோதனை. தன்பாட்டில ஏறவேணும், விளையாட்டு மைதானத்தை ஒருக்காச் சுத்தவேணும், ஆபத்து வந்தால் எப்பிடித் தப்புறது எண்டு புல்லில செய்து காட்டவேணும். அவ பாஸ் எண்டு சொன்னால்தான் ரோட்டு.

சோதனை எண்ட சொல்லுக்கும் எனக்கும் ஒத்துவராது. ஊரில ஒன்பதாம் வகுப்பு நடுவில ஆமிச் சண்டை வந்து பள்ளிக்கூடமே எழும்பி ஓடிட்டுது, நானும் பின்னால ஓடினன். பள்ளிக்கூடத்துப் பெரிய சோதனை, ஓ எல், அது எழுதேல்லை. இங்க வந்து இங்கிலிஷ் சோதனை பெயில், லைசன்ஸ் சோதனை கனதரம் பெயில். நான் ஒண்டிலயும் பாஸ் பண்ணினதில்லை. ஆக்களுக்கு அதைப் பகிடியாச் சொல்லுவன், அவையும் சிரிப்பினம். ஆனால் இதில பாஸ் பண்ணவேணும் எண்டு எனக்குள்ள ஒரு விசர் பிடிச்சிட்டுது. சாப்பிடேக்கையும் அதே யோசினை.

முதல்தரம் பெயில். ஏறினன், சுத்தினன், எல்லாம் நல்லம். புல்லில கொஞ்சம் இறக்கமான இடத்துக்கு வந்து, "இப்ப கால் மேல," எண்டு அவ கத்தினா. கால் வரேல்லை. மூளை சொல்லுது, கால் இல்லை எண்டுது. பெடலோட ஒட்டிக்கொண்டு கீழ மட்டும் போய் நிண்டன்.

"விழப் பயப்பிடுறவனை நான் ரோட்டுக்கு விடமாட்டன்," எண்டா. "அடுத்த சனிக்கிழமை வாறன். அண்டைக்கும் கால் வராட்டி, உனக்கு மூண்டு சில்லுச் சைக்கிள் பாத்துத் தாறன்."

"கூடை வச்சதோ, வைக்காததோ?" எண்டு கேட்டன். அவ சிரிக்கேல்லை. பழகுறதுக்கெண்டு சைக்கிளை என்னட்டையே விட்டிட்டுப் போட்டா.

நான் இருக்கிறது ஒரு அன்ரியின்ர வீட்டில. சொந்தம் இல்லை, அறை வாடகைக்குத் தந்தவ. அவவின்ர கார் பாதையில அந்தச் சைக்கிள் ஒரு கிழமை நிண்டது. அன்ரி ஒவ்வொரு நாளும் அதைச் சுத்திச் சுத்திப் பாத்தா.

"தம்பி, உதுக்குப் பூசை செய்தவையோ?"

"நூறு வருசத்துக்கு முந்தின மாடல் அன்ரி. அப்ப இங்க ஐயர் இல்லை."

"அதுதான் நீ பெயில்," எண்டா.

சனிக்கிழமை விடிய அவ குளிச்சு, விபூதி சந்தனம் குங்குமம் எல்லாம் தட்டில எடுத்துக்கொண்டு வந்திட்டா. கோயிலுக்குக் கொண்டு போகச் சொன்னவ, நான்தான் இது காருக்குள்ள போகாது எண்டு மறிச்சது. ஹாண்டிலுக்கு மாலை. பெரிய சில்லுக்குப் பெரிய பொட்டு, சின்னச் சில்லுக்குச் சின்னப் பொட்டு. என்ர ஹெல்மெட்டுக்கும் சந்தனம். பிறகு தேசிக்காய், அதுதான் எலுமிச்சம்பழம்.

புது வாகனம் எண்டால் எங்கட ஆக்கள் ஒவ்வொரு டயருக்குக் கீழயும் ஒரு தேசிக்காய் வச்சு, வாகனத்தை ஓட்டி அதை நசிப்பினம். காருக்கு இது சின்ன விசயம். அன்ரியின்ர வீட்டுப் பாதை நல்ல இறக்கம், வைக்க வைக்கத் தேசிக்காய் உருண்டு ரோட்டுக்குப் போகுது. ரெண்டு தரம் அதுக்குப் பின்னால போய் எடுத்துக்கொண்டு வந்தா. மூண்டாந்தரம் அவவுக்குக் களைச்சிட்டுது.

"நான் கீழ மட்டமான இடத்தில வச்சிட்டு நிக்கிறன், நீ மேல இருந்து ஏறிவந்து நசி."

"உருட்டிக்கொண்டு வந்து நசிக்கட்டே?"

"ஆள் ஏறாத வாகனத்துக்கு என்ன பூசை தம்பி?"

கல்லு ஒண்டு போதும் ஆளைத் தூக்கி எறிய எண்டு ஒரு கிழமையா மண்டைக்குள்ள கேட்டுக்கொண்டிருந்தவன் நான். ஆனால் பாருங்கோ, தேசிக்காயைக் கல்லு எண்டு ஒருக்காலும் நினைக்கேல்லை. தேசிக்காய் சாமி விசயம். அது எப்பிடி விழுத்தும்?

ஏறினன். இறக்கம் இழுத்துக்கொண்டு போகுது. அந்தச் சைக்கிளில பெடல் தனிய நிக்காது, சில்லு சுத்தினால் பெடலும் சுத்தும். என்ர காலைவிட அது கெதியாச் சுத்தத் தொடங்கிட்டுது. கால் ரெண்டும் பெடலில இருந்து கழண்டுபோச்சு, திரும்பக் கீழ வச்சால் அடிச்சு முறிக்கும். வேற இடம் இல்லை. கால் தானாவே எழும்பி ஹாண்டிலுக்கு மேல போட்டுது. ஒரு கிழமை கெஞ்சினன், வரேல்லை. இப்ப பாத்து வந்தது.

கீழ அன்ரி, கையில கற்பூரத் தட்டு. அவவுக்கு முன்னால ஒரு மஞ்சள் பொட்டு. ரோட்டு மூலையில நர்ஸ் அக்காவின்ர யூட் திரும்புது. அன்ரிக்கு அடிச்சுப்போடுவன் எண்ட பயத்தில பிரேக்கை இறுக்கிப் பிடிச்சன். அதே நேரம் சில்லு தேசிக்காயில ஏறிச்சு.

பிறகு நான் சைக்கிளில இல்லை. காத்தில இருந்தன். அங்க நல்ல அமைதி. கால் முதல்ல நிலத்தில பட்டுது, ஓடினன், ஓடினன், அன்ரியைத் தாண்டி, குப்பை வாளியைத் தாண்டி, எதிர்வீட்டுப் புல்லில முழங்காலில விழுந்து நிண்டன். பின்னால சைக்கிள் விழுந்த சத்தம்.

அன்ரி அசையவேயில்லை. கற்பூரமும் அணையேல்லை. "நசிஞ்சுதோ?" எண்டு தேசிக்காயைக் குனிஞ்சு பாத்தா.

நர்ஸ் அக்கா யூட்டை நடு ரோட்டில விட்டிட்டு ஓடிவந்தா. முகம் வெள்ளைக்கு மேல வெள்ளை. மணிக்கட்டைப் பிடிச்சுப் பாத்தா, கழுத்தைத் தடவினா, கண்ணுக்குள்ள பாத்தா. "இண்டைக்கு என்ன கிழமை?"

"சோதனைக் கிழமை," எண்டன்.

"ஒழுங்காச் சொல்லு."

"சனி. முழங்கால் எரியுது. பல்லு எல்லாம் இருக்கு, எண்ணிப் பாத்திட்டன்."

அப்பதான் எனக்குச் சைக்கிள் ஞாபகம் வந்தது. ஹாண்டில் ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கு. மாலை பிய்ஞ்சு ரோட்டெல்லாம் பூ. அவ நம்பித் தந்த சைக்கிள், சோதனைக்குப் போக முதலே இப்பிடி. எனக்கு வாயில பகிடி ஒண்டும் வரேல்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ," எண்டு மட்டும் சொன்னன். இதிலயும் பெயில், சரி, முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

அவ சைக்கிளைப் பாக்கவேயில்லை. நிலத்தில, எனக்குப் பக்கத்தில, புல்லில இருந்திட்டா. "பூசைக்குச் சாமானெல்லாம் வச்சுச் சைக்கிள் ஓடுற ஆக்களை நான் இண்டைக்குத்தான் காணுறன்," எண்டா. பிறகு, "உன்ர காலைப் பாத்தனான்," எண்டா. "மேல இருந்தது. கையை விட்டிட்டாய். கால் முதல்ல வந்து ஓடினாய். நான் பழக்கினவையில ஒருத்தரும் உண்மையா விழேக்க இப்பிடிச் செய்ததை நான் பாத்ததில்லை. எல்லாரும் புல்லில நடிப்பினம்."

"அப்ப?"

"அப்ப என்ன. பாஸ்."

நான் திரும்பவும் கேட்டன். திரும்பவும் சொன்னா. இன்னொருக்காக் கேட்டிருப்பன், ஆனால் அவ அக்கா, பேசிப்போடுவா.

டயர் கடை ஸ்பானரால ஹாண்டிலை நிமித்தி, பின்னேரம் மைதானத்தையும் சுத்தி முடிச்சன். அது ஒண்டும் பெரிய விசயமா இருக்கேல்லை. அன்ரியும் வந்து கதிரை போட்டு இருந்து பாத்தா. போற வாற எல்லாருக்கும், தேசிக்காய் தன்ர எண்டு சொல்லிக்கொண்டிருந்தா. சொல்லட்டும். அவவுக்கும் என்ர நன்றி சேரவேணும். அவ அந்தக் காயைக் கீழ வைக்காட்டி என்ர கால் இண்டைக்கும் பெடலிலதான்.

இரவு அம்மாவுக்கு ஊருக்குப் போன் எடுத்தன்.

"அம்மா, நான் சோதனை பாஸ்."

அங்கால அம்மா மூக்கை உறிஞ்சுறது கேட்டுது. "என்ன சோதனை அப்பன்?"

"விழுற சோதனை."

"அட, அதோ," எண்டா அம்மா. "நடக்கப் பழகின நாளில இருந்து அதில நீதானே முதலாம் பிள்ளை."