சித்தப்பாவின் பந்து

என் சித்தப்பா என்னைவிட எட்டு மாதம் இளையவர். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஆனாலும் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவின் கை பேசும்.

அப்போது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஹாக்கி புதிதாக வந்திருந்தது. ஆட்டம் தொடங்குமுன் உடம்பு சூடேற டிரில் மாஸ்டர் ஒரு பயிற்சி வைப்பார். தரையில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டிருக்கும். உள்ளே பத்துப் பேர். ஆளுக்கொரு துணிப்பந்து, கையில் வளைந்த பனைமட்டை. தன் பந்தைக் காத்துக்கொண்டே அடுத்தவன் பந்தை வட்டத்துக்கு வெளியே தள்ள வேண்டும். பந்து போனால் ஆளும் வெளியே. கடைசிவரை நிற்பவன், பள்ளியில் இருந்த ஒரே சீமை மட்டையை வைத்து அன்று ஆடலாம்.

தினமும் மிஞ்சுவது நானும் சித்தப்பாவும்தான். அவர் பந்தை என் மட்டை தொடப்போகும் நேரம் பார்த்து, "ஏலே, சித்தப்பாட்டயா பிடுங்குத?" என்பார். கூசிப்போய் ஒரு கணம் நிற்பேன். அதற்குள் என் பந்து வெளியே உருண்டுகொண்டிருக்கும். பையன்கள் சிரிப்பார்கள், மாஸ்டரும் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் முறையிட்டால் அம்மா மாவாட்டுவதை நிறுத்தாமலே, "சித்தப்பாவுக்கு விட்டுக் குடுத்தா கொறஞ்சா போயிருவ?" என்பாள். என் பம்பரம், என் ஜன்னலோர இடம் எல்லாம் அப்படித்தான் போயிருந்தன.

ஒரு நாள் அவர் வாயைத் திறந்ததுமே, "ஆமா, பிடுங்குதேன்!" என்று கத்திக்கொண்டு மட்டையை வீசினேன். பந்து வட்டத்தைத் தாண்டி வேலிவரை போய் விழுந்தது. சீமை மட்டை என் கைக்கு வந்தது. சித்தப்பா எனக்கு முன்னால் வேகவேகமாக வீட்டுக்கு நடந்தார். கோள் சொல்லத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். வழக்கம்போல் அம்மா முதலில் அவர் தட்டுக்குக் குனிந்தாள். அவர் தட்டைக் கையால் மறைத்தார்.

"மதினி, இன்னைக்கு அவன்லா ஜெயிச்சான். அவனுக்கு மொதல்ல வைங்க."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்படியெல்லாம் சொல்லப்படாது, ராசா" என்று அவர் தலையை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

ஜெயித்தவன் நான், கொஞ்சல் அவருக்கு! எரிச்சலில் என் தட்டைத் தள்ளிவைத்தேன்.

அவரைப் பெற்ற கையோடு அவர் தாய் கண்ணை மூடியதும், என்னைப் போட்டிருந்த மடியிலேயே அம்மா அவரையும் போட்டுப் பால் கொடுத்ததும் எனக்குத் தெரியும், தெருவே சொல்லும். அந்த மடி தன்னுடையதல்ல என்பதை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை என்பதுதான் அன்று எனக்குத் தெரியாது.