கைம்பெண் வீட்டுக்குப் பொட்டோடு போனவள்

ஸ்கொட்லாந்துக் கடற்கரையில் நூற்றைம்பது வருசம் நின்ற மீன்பிடிக்காரன் வீடு ஒன்றை ஒரு பணக்காரர் ஆசைப்பட்டு வாங்கினார். கல்லுக் கல்லாகக் கழற்றி, ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதி, கப்பலில் ஏற்றி ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்து, ஸ்காபரோவில் ஒரு பூங்காவுக்குள் மறுபடி கட்டி மியூசியமாக்கிவிட்டார்கள். அந்தக் கல்லுகளிடம் ஒருவரும் "ஏன் ஊரை விட்டு வந்தாய்?" என்று கேட்கவில்லை. அங்கே தரை துடைத்த கமலாம்பிகையிடம் அகதி விசாரணையில் அதே கேள்வியை மூன்று தரம் கேட்டு, மூன்றாம் தரம்தான் நம்பினார்கள். அதனால் அவளுக்கு அந்த வீட்டில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது, தன்னைப்போல ஊரை விட்டு வந்தது என்று நிறைய வாரப்பாடும் இருந்தது.

கமலாம்பிகை வாய்க்காரி. ஊரில், சங்கானையில் பஸ்ஸுக்கு நின்றால், பஸ் வருவதற்குள் பக்கத்தில் நிற்பவளின் குடும்பக் கதை முழுவதும் அவளுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவள் கனடாவுக்கு வந்து, மிசிசாகாவில் ஆளில்லாத கந்தோர்களின் மேசை கதிரைகளைத் துடைத்துத் துடைத்து, தனக்கு வாய் இருப்பதையே மறந்துபோனாள். மியூசியத்துக்கு மாறிய பிறகுதான், வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக் கதை சொல்லும் கைட் வேலை என்று ஒன்று இருப்பது தெரிந்தது. பேசுவதற்குச் சம்பளமா! அன்றே முடிவெடுத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே கதைகளைக் காதில் வாங்கினாள். வகுப்புக்குப் போய் ஆங்கிலத்தைத் தேய்த்து மினுக்கினாள். 1996இல் ஓர் இடம் காலியானபோது முதல் ஆளாகப் போய் நின்றாள்.

அவள் நெற்றியில் எப்போதும் குங்குமப் பொட்டு இருக்கும். ஆறு வருசத்துக்கு முன் ஆமிக்காரர்கள் ஊரைச் சுற்றிவளைத்துப் புருசனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. ஸ்காபரோவிலேயே ரூஜ் பக்கம் இருந்த தமையன் பொன்னம்பலம் வரும்போதெல்லாம் ஒரே பல்லவிதான்.

"பிள்ளை, ஆறு வருசமாச்சு. ஒரு நாளைக் குறிச்சு அந்தியேட்டியைச் செய்து அந்த ஆத்துமாவை வழியனுப்புவம். சனம் உன்ரை பொட்டைப் பாத்துக் கதைக்குது."

"கதைக்கட்டும் அண்ணை. அவரின்ரை உடம்பைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கோ. நானே அழிக்கிறன்."

பொன்னம்பலம் கெட்டவர் அல்ல. காத்திருந்தே தங்கை கிழவியாகிவிடுவாளோ என்ற பயம் அவருக்கு.

மியூசியப் பொறுப்பாளர் செலீனுக்குக் கமலாம்பிகையின் பேச்சு பிடித்துப்போனது. கைடுகள் போடும் அந்தக் காலத்து நீளப் பாவாடையும் வெள்ளைத் தொப்பியும் எடுத்துக் கொடுத்தாள். பிறகு தயங்கித் தயங்கி நெற்றியைக் காட்டினாள்.

"அதை மட்டும் எடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றுகிறார்கள். அதோடு, நீ நடிக்கப்போவது இந்த வீட்டுக்காரியாக. அவள் விதவை."

"விதவை என்று யார் சொன்னது?"

"புருசன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை."

"உடம்பு கரை ஒதுங்கியதா?"

"இல்லை."

"அப்படியென்றால் திரும்பவில்லை என்று மட்டும் சொல்கிறேன். பொட்டை எடுக்கமாட்டேன். என்னுடையவரும் இன்னும் திரும்பவில்லை."

பாவாடையை மடித்து மேசையில் வைத்தாள். அந்த வேலைக்காக எவ்வளவு ஏங்கினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஆனாலும் வைத்தாள். செலீன் ஒரு வழி சொன்னாள். சனிக்கிழமை ஒரு சுற்று, பொட்டோடேயே. செலீன் வாசலில் நின்று பார்ப்பாள். வந்தவர்களுக்குக் கதை குழம்பினால், மறுபேச்சில்லாமல் பழையபடி மொப்பும் வாளியும்.

சனிக்கிழமை கமலாம்பிகை வழக்கத்தைவிடப் பெரிதாகவே பொட்டு வைத்துக்கொண்டு போனாள்.

வலை, தூண்டில், மீனுக்கு உப்புப் போடும் பீப்பா என்று அவள் சொல்லச் சொல்ல, சனம் வாய் பார்த்துக்கொண்டு நின்றது. அடுப்படிக்கு வந்ததும், "வீட்டுக்காரர் ஒருநாள் காலை கடலுக்குப் போனார். இன்னும் திரும்பவில்லை," என்றாள். பழங்காலத்துக் கதையில் வந்த அந்த 'இன்னும்' சிலருக்குச் சிரிப்பை வரவழைத்தது. ஒரு வெள்ளைக்காரி, "அந்தச் சிவப்புப் பொட்டும் அந்தக் காலத்ததா?" என்று கேட்டாள். வாசலில் செலீன் நிமிர்ந்தாள்.

"இல்லை, இது என்னுடையது. என் புருசனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் இருக்கிறார் என்பதற்காக வைத்திருக்கிறேன்."

சிரிப்பு நின்றுபோனது. வெள்ளைக்காரி மெல்லக் கேட்டாள்: "அவர் பெயர் என்ன?"

தாலி கட்டின நாளிலிருந்து அந்த வாய்க்காரி அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. விசாரணைகளில்கூடக் கடுதாசித் துண்டில் எழுதித்தான் நீட்டினாள். பெண்சாதி பெயர் சொன்னால் புருசனுக்கு ஆயுள் குறையும் என்று தாய் சொல்லி வளர்த்திருந்தாள். தமையனோ இப்போதெல்லாம் 'அந்த ஆத்துமா' என்கிறார். இப்படி ஒருவரும் பெயர் சொல்லாமல் விட்டுத்தான் மனிசரை உயிரோடு புதைக்கிறார்கள் என்று அவளுக்கு அந்த நிமிசம் பட்டது. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"ஸ்ரீதரன்," என்றாள்.

வெள்ளைக்காரி பிழையாகச் சொல்லிப் பார்த்தாள். கமலாம்பிகை திருத்தினாள். இன்னும் இரண்டு மூன்று பேர் சொல்லிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற செலீனும் சொன்னாள். சுற்று முடிந்ததும் மொப்பை அவள் கையில் கொடுக்காமல், திங்கட்கிழமைக்கு இரண்டு சுற்று போட்டிருப்பதாகச் சொன்னாள்.

மோர்னிங்சைட்டில் இருந்த தன் வீட்டுக்குள் நுழைந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தமையனுக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"அண்ணை, வேலை கிடைச்சிட்டுது. இன்னொண்டும் சொல்லவேணும். ஸ்ரீதரன் வருவார். அந்தியேட்டிக் கதையை இனி எடுக்காதேங்கோ."

தங்கையின் வாயால் அந்தப் பெயரைப் பொன்னம்பலம் கேட்டது அதுதான் முதல் தரம்.

"ஓம் பிள்ளை," என்றார். "ஸ்ரீதரன் வரட்டும்."