விசில் கேட்காத மாரிச்செல்வி

கணக்கு டீச்சர் வந்து நம்ம பீரியடைக் கேட்கும்போது பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறதுக்குப் பேர்தான் பி.டி. டீச்சர் வேலை. இதே வேலை பார்த்து அனுபவிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல பெண்கள் ஹாக்கி டீமை வச்சுக்கிட்டு நான் படுற பாட்டுல, ஒருத்தியைப் பத்தி மட்டும் சொல்லியே ஆகணும்.

மறிக்கத் தெரிஞ்சவ

ஒன்பதாம் வகுப்புல வந்து சேர்ந்த மாரிச்செல்விக்குப் பிறந்ததுல இருந்தே காது கேட்காது. விளாத்திகுளம் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பம். டீம்ல சேர்க்கணும்னு அவ அப்பா கூட்டிக்கிட்டு வந்து நின்னாரு. "பாப்போம்"னு இழுத்தேன். நாம இழுத்தா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிஞ்சுபோச்சு.

"ஒரு தடவ நிறுத்திப் பாருங்க டீச்சர். இவ மறிச்சு நின்னா கெடா கூடத் தாண்டாது."

என்னோட மடத்தனம்

அவர் சொன்னது பொய்யில்லை. தடுப்பாட்டத்துல நிறுத்தினேன், ஒரு பந்து கூடத் தாண்டலை. ஆனா விசில்? ஒரு பயிற்சி ஆட்டத்துல விசில் அடிச்ச பிறகும் பந்தை ஓங்கி அடிச்சுட்டா. ஆட்டம் நின்னுருச்சுன்னு சும்மா நின்ன எதிர் டீம் பிள்ளைக்குக் கணுக்கால் வீங்கிருச்சு. நான் கோட்டுக்கு வெளியே நின்னு, "ஏட்டி, நிறுத்துட்டி!"ன்னு கத்துறேன். யாரைப் பார்த்து? காது கேட்காத பிள்ளையைப் பார்த்து!

மறுநாளே அவளை வெளியே உட்கார வச்சேன். மாவட்டப் போட்டிக்குப் பத்து நாள்தான் இருந்துச்சு. பாவம், அவளுக்கும் அடிபடாம இருக்கட்டும்னு எனக்கு நானே சமாதானம் வேற. ஸ்டிக்கை மடியில வச்சுக்கிட்டு ரெண்டு நாளா மைதானத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா.

மூணாம் நாள் கேப்டன் காளீஸ்வரி வந்தா. விசில் அடிச்சதும் மத்த பத்துப் பேரும் இடது கையைத் தூக்கிறணும்னு பிள்ளைகளே பேசி முடிச்சிருக்காங்க. எனக்கு வெட்கமாப் போச்சு.

"நாங்க கை தூக்கிக்கிடுதோம் டீச்சர். அவ பின்னால நிக்கலைன்னா எங்களுக்கு முன்னால ஓடவே பயமா இருக்கு."

நடுவர் கிட்டப் போனது

மாவட்டப் போட்டியன்னைக்கு நடுவர் கிட்ட மெதுவாப் போனேன். "சார், இந்தப் பிள்ளைக்குக் காது கேட்காது. விசில் அடிக்கையில கையையும் கொஞ்சம் நல்லாக் காட்டுவீங்களா?" விதிப் புத்தகத்தை எடுப்பாரோன்னு எனக்குப் பயம். அவர் மாரிச்செல்வியை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நாங்க எப்பவும் கை காட்டிக்கிட்டுத்தாம்மா இருக்கோம். அதைப் பாக்குததுக்கு இப்பத்தான் ஒரு பிள்ளை வந்திருக்கு."

அவளை ஏசினது

முதல் ஆட்டம் ஜெயிச்சோம். ரெண்டாவது ஆட்டம் கடைசி நிமிஷம் வரைக்கும் சமம். அப்ப பார்த்து அம்மணிக்குக் கோல் போடுற ஆசை வந்துருச்சு! தன் இடத்தை விட்டுட்டுப் பந்தோட மேலே ஓடினா. பந்து பறிபோச்சு, பின்னால மறிக்க ஆளில்லை, தோத்துட்டோம்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அவ இடத்துக்குப் போய் நிக்காத காளீஸ்வரியை வாயால ஒரு பாட்டம் ஏசினேன். மாரிச்செல்வியை, அவகிட்டயே கத்துக்கிட்ட சைகையில ரெண்டு கையாலயும் ஏசினேன். உன் இடம் எது, எதுக்குட்டி போன, மூளையை எங்க வச்சேன்னு கேட்டேன். அவளும் விடலையே, என் முகத்துக்கு நேரா அவ கையும் ஆடுது.

திரும்பினா அவ அப்பா நிக்காரு, கண்ணு கலங்கி இருக்கு. செத்தோம்னு நினைச்சேன்.

"இத்தனை வருஷமா எம்மவளப் பாத்து எல்லாரும் அய்யோ பாவம்னுதான் சொன்னாக டீச்சர், ஏச ஒரு ஆளில்ல. நல்லா ஏசுங்க."

அடுத்த வருஷ டீம்ல முதல் பேரா மாரிச்செல்வி பேரைத்தான் எழுதியிருக்கேன், அவளை ஏசாம எனக்கும் இப்பப் பொழுது போக மாட்டேங்குது, மகராசி நல்லா இருக்கட்டும்.