பூட்டுக்கு வைத்த பொட்டு

காவாந்தண்டலத்தில் ஒரு நெல் வியாபாரி இருந்தார். அவருடைய நெல்லை முளைக்க விட்டவன் நான். பிறகு கோர்ட்டில் கூண்டேறி, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னவனும் நான்தான். இதை என் மனைவியிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. இப்போது எழுதுவதால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதித் தொலைக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் ஒரு பாங்கியில் எனக்குக் குடோன் கிளார்க் வேலை. வியாபாரிகள் சரக்கை அடகு வைத்துக் கடன் வாங்குவார்கள். சரக்கு அவர்கள் கொட்டகையிலேயே கிடக்கும். பூட்டு மட்டும் பாங்கியுடையது, சாவி எங்களிடம். வாரத்துக்கு ஒரு தடவை நான் சைக்கிளில் போய்த் திறந்து, மூட்டைகளைப் பார்த்து, ரிஜிஸ்தரில் எழுதிவிட்டு வர வேண்டும். நடுவில் சொந்தக்காரனே பூட்டை உடைத்தாலும் திருட்டுக் கேஸ்.

அந்த வியாபாரிக்கு இதில் வருத்தமே கிடையாது. ஆயுத பூஜையன்று தராசுக்கும் மரக்காலுக்கும் பொட்டு வைத்த கையோடு எங்கள் பூட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். "நம்ம நெல்லைக் காக்குற பூட்டு சார்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பாங்கிக்குத் திரும்பி வந்து மற்றவர்களிடமும் சொல்லிச் சிரித்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் அவர் தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு பாங்கிக்கு வந்தார். நான் வடை தின்றுகொண்டிருந்தேன். பாதியைப் பிய்த்து அவருக்கும் கொடுத்தேன்.

"பின்பக்கம் ஓடு சரிஞ்சிகீது சார். தண்ணி உள்ள எறங்குது. மேல ஏறி மாத்தலாம்னா மரம் உளுத்துப் போய்கீது. நீங்க வந்து பூட்டைத் தொறந்து வுட்டா, நானும் வூட்டுக்காரியுமா மூட்டையை அந்தாண்ட தள்ளிப் போட்டுக்குவோம்."

சொல்லிவிட்டு, சட்டைக்குள்ளிருந்து வாழைச் சருகில் மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக் கொடுத்த மனு. "இத்த வாங்கிக்கினு, வாங்கினேன்னு ஒரு கையெழுத்து போட்டுத் தரணுமாம் சார். வாத்தியார் சொன்னாரு" என்றார், கூச்சப்பட்டுக்கொண்டே.

எனக்குச் சுருக்கென்றது. வாராவாரம் அவர் வீட்டில் மோர் குடிக்கிறேன், என்னிடமே கையெழுத்தா? "நமக்குள்ள எதுக்குங்க காகிதம்? எங்க ஏஜெண்டுக்குக் காகிதத்தைப் பார்த்தாலே எரிச்சல் வரும். நான் சொல்றேன், நீங்க போங்க" என்றேன். பாங்கியில் கிளைத் தலைவரை ஏஜெண்ட் என்போம். வியாபாரி முகம் சுண்டிப் போயிற்று, என்னைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று. "தப்பா நெனைக்காதீங்க சார்" என்று சொல்லிக் காகிதத்தைப் பழையபடி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

ஏஜெண்டிடம் சொன்னேன். "மழை விடட்டும் பார்க்கலாம்" என்றார். சாவி என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. நானே போய்த் திறந்திருக்கலாம். அந்த வாரம் போக வேண்டிய முறைக்கும் போகவில்லை. சேற்றில் சைக்கிள் தள்ளச் சோம்பல், வேறு காரணம் கிடையாது.

ஒன்பதாம் நாள் போய்த் திறந்தேன். புளித்த வாடை குப்பென்று அடித்தது. சாக்கின் கண்களிலெல்லாம் பச்சையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி ஒரு முளையைக் கிள்ளிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். வியாபாரி, "இன்னா சார் இப்டி ஆயிப்போச்சி" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் ஏஜெண்ட் என்னைக் கூப்பிட்டு, ரிஜிஸ்தரில் முந்தின வாரத்து இடம் காலியாக இருப்பதைக் காட்டினார். 'பார்வையிட்டேன், சரக்கு நலம், சொந்தக்காரர் புகார் எதுவும் சொல்லவில்லை' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

பாங்கி அந்த நெல்லை மாட்டுத் தீவனத்துக்கு விற்றது. மீதிக் கடனுக்குக் கொட்டகையை ஏலம் போடப் போவதாக நோட்டீஸ் அனுப்பியது. வியாபாரி காஞ்சிபுரத்து வக்கீல் ஒருவரைப் பிடித்தார். சாவியை வைத்திருந்தது பாங்கி, அதனால் சரக்கைப் பத்திரமாகப் பார்க்க வேண்டியதும் பாங்கிதான், நஷ்டத்தைக் கேட்டு வழக்குப் போட்டால் கொட்டகை பிழைக்கும் என்றாராம் வக்கீல். ஓடு சரிந்ததைப் பாங்கிக்குத் தெரிவித்தார் என்பதற்கு அத்தாட்சி ஒன்றுதான் வேண்டும்.

முன்சீப் கோர்ட்டில் அந்த வக்கீல் அதே காகிதத்தை என்னிடம் நீட்டினார். மடிப்பில் வாழைச் சருகின் கறை அப்படியே இருந்தது. "வாதி இதை உங்களிடம் கொண்டுவந்தாரா?"

"இல்லை."

"வாயாலாவது சொன்னாரா?"

"எனக்கு நினைவில்லை."

வியாபாரி என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை. பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, மறதிக்காரனுக்கு எடுத்துக்கொடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு வடை துன்னுகினு இருந்தீங்களே சார். எனக்குப் பாதி குடுத்தீங்களே." டவாலி அவரை உட்காரச் சொன்னான். நான் கூண்டின் கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுகூட வாயைத் திறக்கவில்லை, வேலை போய்விடும் என்ற பயம்.

வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. சில நாள் கழித்து உத்திரமேரூர் கடைத்தெருவில் என் சைக்கிளுக்கு எதிரே வந்து நின்றார். முகத்தில் கோபம் தேடினேன், இல்லை.

"மறதி எல்லாருக்கும் வர்றதுதான் சார். அப்பீலுக்கு இன்னும் நாள் கீதுன்னு வக்கீல் சொல்றாரு. ஞாபகம் வந்துச்சின்னா ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன். சைக்கிளில் ஏறிப் போய்விட்டேன். அடுத்த மாதம் கொட்டகையை ஏலம் விட்டார்கள். பூட்டைக் கழற்றிக்கொண்டு வர என்னைத்தான் அனுப்பினார்கள். அதன் மேல் குங்குமம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.